ஊழவெநவெள

போன மாதம் ஒரு சிறுகதைத் தொகுப்பின் வேலையை முடித்து, பி.டி.எஃப். ஆக்கி, எழுத்தாளருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். மறுநாள் பால்காரருக்கு முன்னால் அவருடைய போன் வந்துவிட்டது.

"அண்ணாச்சி, பொருளடக்கத்துல நாலாவது கதையத் தொட்டா ஏழாவது கதைக்குப் போகுது."

"ஏழாவதத் தொட்டா?"

"நாலாவதுக்கு வருது."

"அப்ப கணக்குச் சரியாத்தான இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. தொடுறதுக்கா புஸ்தகம் போட்டீங்க, படிக்கிறதுக்கா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. பாக்கிப் பணம் வரவேண்டியிருந்தது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளில் பொருளடக்கத்தை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் விரலில் மை ஒட்டும்.

வருஷம் 1983. கோவில்பட்டியில் அப்போது படிப்பு ஏறாத பையனுக்கு இரண்டு வழி. ஒன்று தீப்பெட்டி ஆபீஸ், இன்னொன்று மில். இரண்டுக்கும் லாயக்கில்லை என்று வீட்டில் தீர்ப்பான பிறகு என்னை ஓர் அச்சாபீஸில் கொண்டுபோய் விட்டார்கள். காலால் மிதித்து ஓட்டுகிற டிரெடில் மிஷின் ஒன்று, எழுத்துக் கேஸ்கள் வைத்த சாய்மேசை இரண்டு, மண்ணெண்ணெய் வாடை. தீப்பெட்டி ஆபீஸ்களின் பில் புக், செண்பகவல்லி அம்மன் கோவில் திருவிழா நோட்டீஸ், தொழிற்சங்கத்தின் வாயிற்கூட்ட நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை. சோறு போட்டது இவைதான்.

புத்தகம் எப்போதாவது வரும். வந்தே தீரும், ஏனென்றால் ஊர் அப்படி. கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் பிறந்த இடைசெவல் இங்கிருந்து கூப்பிடு தூரம். தேவதச்சன், கோணங்கி, பூமணி, சோ. தர்மன் என்று ஒரு பெரிய கூட்டமே இந்தக் கரிசல் மண்ணில் எழுதிக்கொண்டிருந்தது. டீக்கடை பெஞ்சில் நாலு பேர் இருந்தால் இரண்டு பேர் கதை எழுதுகிறவர், மூன்றாமவர் அதைக் கிழிக்கிறவர், நாலாமவர் டீக்குக் காசு கொடுக்கிறவர். பெரிய ஆட்கள் எங்கள் கடைக்கு வரவில்லை. அவர்களைப் படித்துக் கெட்டுப்போனவர்கள் வந்தார்கள். கையில் நாற்பது பக்க நோட்டும், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த பணமும் இருக்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த கம்போசிட்டரை எல்லோரும் அண்ணாச்சி என்போம். வாயில் வெற்றிலை, கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக், கண் கையெழுத்துப் பிரதியில். கேஸைப் பார்க்கவே மாட்டார். கோழி தானியம் பொறுக்குகிற வேகத்தில் ஈய எழுத்தைப் பொறுக்குவார். எழுத்து தலைகீழாகத் திரும்பிக் கிடக்கும்; அவருக்கு அதுதான் நேர். அச்சான பத்திரிகையை நம்மைப் போல் நேராகப் படிக்கும்போதுதான் தடுமாறுவார்.

எங்களிடம் இருந்த எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். எட்டுப் பக்கம் கோத்து, அடித்து, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, எழுத்தையெல்லாம் கலைத்துத் திரும்பக் கேஸில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். ஆகவே 16ஆம் பக்கத்தில் அழுத கதாநாயகியின் அதே எழுத்துகள்தான் 61ஆம் பக்கத்தில் செத்துப்போன மாமனாருக்கும் வரும். பக்கத்துக்குப் பக்கம் தொடுப்பு என்று இன்றைக்குப் பேசுகிறார்களே, அது அன்றைக்கு ஈயத்திலேயே இருந்தது. பூமணியின் 'அஞ்ஞாடி' ஆயிரம் பக்கத்துக்கு மேல். 2014இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவல் முப்பது வருஷம் முந்தி எங்கள் கடைக்கு வந்திருந்தால் நூற்றுமுப்பது தடவை கலைத்துப் போட்டிருப்போம். விருது எங்களுக்குத் தந்திருக்க வேண்டும்.

பொருளடக்கம் கடைசி வேலை. உள்பக்கமெல்லாம் அடித்து முடித்த பிறகுதான் முன்பாரத்துக்கு வருவோம். அண்ணாச்சி அச்சான தாள்களை வரிசையாக அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு, தலைப்பையும் பக்கத்தையும் சத்தமாகச் சொல்வார். நான் எழுதிக்கொள்வேன். எழுதுவதற்குத் தாள் வாங்கியதில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கழித்துப்போட்ட லேபிள் ஷீட்டுகளின் பின்பக்கம்தான் எங்களுக்கு நோட்டு. முன்னால் மயிலோ மணியோ, பின்னால் ஒருவருடைய வாழ்நாள் படைப்பு. சொல்லிக்கொண்டே வருகிறவர் நடுவில் நிறுத்தி, "இந்தக் கத சவலப்பிள்ளலே, இத நடுவுல வச்சிருக்கக்கூடாது" என்பார். எழுத்தாளரிடமும் சொல்லுவார். முழுப் புத்தகத்தையும் எழுத்தெழுத்தாகப் பொறுக்கி எடுத்தவர் அவர். ஆசிரியரைவிட மெதுவாகப் படித்தவர். அவருக்கு இல்லாத பாத்தியதை யாருக்கு?

பொருளடக்கத்தில் தலைப்புக்கும் பக்க எண்ணுக்கும் நடுவே புள்ளி வரிசை ஒன்று ஓடுமே, அது எங்களுக்குப் பெரிய தலைவலி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஈயத் துண்டு. புதுக்கவிதை வந்தபின் ஊரில் புள்ளிப் பஞ்சம். வரிக்கு மூன்று புள்ளி, சோகம் கூடினால் ஆறு. கவிஞர்கள் உள்ளே புள்ளியைத் தின்றுவிட்டால் பொருளடக்கத்துக்கு என்ன செய்வது? சிறு கோடு போட்டு ஒப்பேற்றினோம். அதையும் ஒரு கவிஞர் புதுமை என்று பாராட்டினார்.

இன்னொரு கூத்து. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. யானைத் தும்பிக்கை வைத்த 'லை', 'ளை', 'னை' எல்லாம் போய் இப்போதுள்ள வடிவம் வந்தது. ஆணை கோட்டையில் போடலாம்; ஈயம் யார் வாங்கிக் கொடுப்பது? அடிக்கடி தேய்கிற உள்பக்க எழுத்தை முதலாளி புதிதாக வாங்கினார். தலைப்புக்கான பெரிய எழுத்து எங்கே தேய்கிறது, பழையதே கிடக்கட்டும் என்றார். அதனால் எங்கள் புத்தகங்களில் தலைப்பும் பொருளடக்கமும் தும்பிக்கையோடு, உள்ளே கதை தும்பிக்கை இல்லாமல். பல வருஷம் அப்படித்தான் ஓடியது.

இப்போது என் பாவத்துக்கு வருகிறேன். 1984இல் ஒரு தொகுப்பு, 500 படி. பொருளடக்கத்தை முதல்முதலாக என்னையே கோக்கச் சொன்னார் அண்ணாச்சி. நான் கோத்து, புரூப் எடுத்து, நானே திருத்தி, நானே திருப்தியும் பட்டேன். தைத்து அட்டை போட்ட பிறகு எழுத்தாளர் பிரித்துப் பார்க்கிறார்: அவருக்கு உயிரான கதை 61ஆம் பக்கத்தில் இருக்கிறது, பொருளடக்கம் 16 என்கிறது. ஈயத்தில் திருப்பிப் படித்துப் பழகாத கண், இடம் வலம் மாறிவிட்டது. மனிதர் கத்தவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

அண்ணாச்சி 61, 61, 61 என்று ஒரே தாளில் வரிசை வரிசையாகக் கோத்து அடித்துக் கொடுத்தார். அதை நான் பிளேடால் நகம் அளவு வெட்டி, 500 படியிலும் 16இன் மேல் ஒட்ட வேண்டும். மைதா காய்ச்சிப் பசை எடுத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் போடுவது வழக்கம். "துத்தம் போட்டியாலே?" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "போட்டாச்சு அண்ணாச்சி" என்றேன். போடவில்லை. துத்தம் வாங்கக் கொடுத்த காசில் கடலை மிட்டாய் வாங்கித் தின்றிருந்தேன். அந்த மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதன் வளர்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பக்க எண்ணை நம்பினால் இந்தப் பாடுதான் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குறள் 400 என்றால் எந்தப் பதிப்பை எடுத்தாலும் கல்விக்கே போய் நிற்கும். பக்கம் எதுவானால் என்ன? இதற்கு இன்னொரு சாட்சியும் பக்கத்திலேயே உண்டு. கோவில்பட்டியில் பஸ் ஏறினால் அரை மணியில் எட்டயபுரம். முத்துசாமி தீட்சிதர் 1835இல் மறைந்த ஊர். பாரதி பிறந்த ஊர் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அங்கே சமஸ்தானத்து வித்யா விலாசினி அச்சகத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சானது. தெலுங்கு எழுத்து, தலைக்கு மேலே கமகக் குறிகள், பெரிய பெரிய இரண்டு பாகம். கரிசல் காட்டுப் புழுக்கத்தில் அந்தக் குறிகளை ஈயத்தில் கோத்த கம்போசிட்டர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது. ராகங்களைச் சுப்பராம தீட்சிதர் அடுக்கியது 72 மேளத்தின் வரிசையில். மேளத்தின் எண் தெரிந்தவனுக்குப் பக்கத்தின் எண் தேவையில்லை. பக்கம் மாறலாம், மேளம் மாறாது. சிறுகதைத் தொகுப்புக்கு அப்படி ஒரு மேளகர்த்தாவை யாராவது கண்டுபிடித்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

1997இல் முதலாளியின் மகன் டிரெடிலைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அண்ணாச்சிக்குக் கண் போயிருந்தது, வீட்டோடு இருந்தார். என்னைச் சிவகாசிக்கு அனுப்பி பேஜ்மேக்கர் என்ற பக்கம் கோக்கும் மென்பொருளைப் படித்து வரச் சொன்னார்கள். ஆல்டஸ் என்ற கம்பெனி 1985இல் கொண்டுவந்தது, 1994இல் அடோபி கைக்கு மாறியது. 2001இல் வந்த ஏழாவது பதிப்போடு அதன் வளர்ச்சி நின்றது. எங்கள் வட்டாரத்துக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. நான் 2015 வரை அதில்தான் குடித்தனம் பண்ணினேன்.

அதில் ஒரு மாயம் சொல்லிக் கொடுத்தார்கள். பத்தி அமைப்பில் ஒரு சின்னக் கட்டம். அதில் டிக் அடித்தால் அந்தத் தலைப்பு தானாகவே பொருளடக்கத்துக்கு வந்துவிடும், பக்க எண்ணோடு. புள்ளிப் பஞ்சமும் தீர்ந்தது. எத்தனை வேண்டுமானாலும் வரும். எனக்குக் கண்ணீரே வந்தது. 500 நகத்துண்டு வெட்டியவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

முதல் புத்தகத்தில் பொருளடக்கம் போடும் பொத்தானை அமுக்கினேன். பட்டியல் வந்தது, எண்ணும் வந்தது. மேலே 'கன்டென்ட்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பை அதுவே போட்டுக்கொண்டது. மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து பாமினி எழுத்துருவுக்கு மாற்றினேன். அப்போதைய தமிழ் எழுத்துருக்கள் ஒரு வேஷம். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே போர்த்தியிருப்பது தமிழ்ச் சட்டை. பாமினியில் அம்மா என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். சட்டையைக் கழற்றினால் பெற்ற பிள்ளைக்கே அம்மாவை அடையாளம் தெரியாது. கன்டென்ட்ஸுக்கு அந்தச் சட்டையை மாட்டியதும் திரையில் கொட்டை எழுத்தில் நின்றது:

ஊழவெநவெள.

மகாகவி யாரோ எழுதிய மந்திரம் மாதிரி இருந்தது. தொடக்கத்தில் ஊழ் என்று வேறு வருகிறது. நல்லவேளை, புரூப்பில் பிடித்துவிட்டேன். அவசரத்தில் அச்சுக்குப் போயிருந்தால் பின்நவீனத்துவம் என்று நாலு பேர் கட்டுரை எழுதியிருப்பார்கள்.

சரி, தலைப்புக் கேட்கும் கட்டத்தில் தமிழிலேயே அடித்துவிடலாம் என்றால், அங்கே தமிழ் தெரியாது. என், ஜி, ஹெச், பெரிய யூ, எஸ், எல், எஃப், அரைப்புள்ளி, எஃப், கே, அரைப்புள்ளி என்று மனப்பாடமாக அடிக்க வேண்டும். பக்கத்தில் வந்ததும் அது பொருளடக்கம் ஆகும். ஈயத்தைத் தலைகீழாகப் படித்த அண்ணாச்சிக்கு நான் எந்த விதத்திலும் குறைந்தவனில்லை. அவர் ஒரு கண்ணாடியில் படித்தார், நான் இங்கிலீஷ் கண்ணாடியில் படித்தேன்.

கத்தரியும் பசையும் ஒழிந்தன என்று நினைத்தீர்களா? சிவகாசியில் பிளேட் போடுவதற்கு டிரேசிங் தாளில் லேசர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சாத்தூர் வழியாகப் பஸ்ஸில் போவேன். போன இடத்தில் ஒரு பிழை கண்ணில் படும். திரும்பி வந்து எடுக்கப் பஸ் காசு யார் தருவது? பக்கத்துக் கடையில் அந்த ஒரு எண்ணை மட்டும் எடுத்து, பிளேடால் வெட்டி, டேப் போட்டு ஒட்டுவேன். கம்ப்யூட்டரிலும் அதற்கு வெட்டு, ஒட்டு என்றுதான் பெயர். நான் மொழிபெயர்க்காமல் அப்படியே செய்தேன்.

2012ஐ மறக்க முடியாது. சென்னை தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளைக்குப் பல மணி நேரம் கரண்ட் இருக்காது. தீப்பெட்டி ஊரில் தீப்பெட்டி வெளிச்சத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். பொருளடக்கம் கோத்து, 'சேவ்' கொடுக்கக் கை போகும், கரண்ட் போய்விடும். டிரெடிலில் கால்தான் கரண்ட். கால் வலித்ததே தவிரக் கோத்த எழுத்து ஒருநாளும் ஆவியாகவில்லை.

அப்புறம் யூனிகோடு, பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த இன்டிசைன். 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றிருந்தது. வேஷம் கலைந்து, அம்மா உள்ளேயும் அம்மாவாகவே இருந்தாள். தமிழையும் சேர்த்துப் பத்து இந்திய மொழிகளுக்கு இன்டிசைன் 2012இல் வந்த சி.எஸ். 6 பதிப்பில் இடம் கொடுத்தது. கொடுத்தது எப்படியென்றால், ஒவ்வொரு பத்தி ஸ்டைலிலும் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்போசர்! பெயரைப் பார்த்ததும் அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது. அவரை நியமிக்க மறந்தால் இன்னொரு கம்போசர் வந்து உட்காருவார். அவருக்குத் தமிழ் தெரியாது. கொம்பை எழுத்துக்கு முன்னால் போடத் தெரியாமல் பின்னால் தொங்கவிடுவார். நான் உள்பக்க ஸ்டைலுக்கெல்லாம் ஒழுங்காக ஆள் போட்டிருந்தேன். பொருளடக்கத்துக்கு மென்பொருள் தானாக ஒரு ஸ்டைல் செய்துகொண்டது. அதில் பழைய ஆளே இருந்தார். 200 பக்கம் சுத்தத் தமிழ், ஒரு பக்கம் மட்டும் கொம்பு முறிந்த மாடு. தும்பிக்கைத் தலைப்பும் தும்பிக்கையில்லாக் கதையுமாக அடித்த கடைக்காரனுக்கு இதெல்லாம் புதுசா என்ன?

அகராதி வரிசை தனிக்கதை. கரிசல் வழக்குச் சொற்களுக்குக் கி.ரா. தொகுத்த அகராதி 1982இல் வந்தது. சொல் சொல்லாகச் சேகரித்து, கையால் அடுக்கிய வேலை. அதையே இன்றைக்கு யூனிகோடின் வெறும் எண் வரிசைப்படி அடுக்கச் சொன்னால் பருத்திக்கு முன்னால் பனை வந்து நிற்கும். அங்கே 'ந'வை ஒட்டியே 'ன'வை வைத்திருக்கிறார்கள். நம் வரிசையில் னகரம் கடைசி. கரிசல் காட்டில் பருத்திக்கு முன்னால் பனையை வைத்தால் சம்சாரி ஒத்துக்கொள்வானா?

இத்தனை வருஷத்தில் நான் கற்றது, மென்பொருளுக்குக் கண் கிடையாது என்பதுதான். எழுத்தாளர்கள் அனுப்பும் ஃபைலில் தலைப்பு தடித்து, பெரிதாகி, நடுவில் நிற்கும். நமக்கு அது தலைப்பு. நடுவுக்கு எப்படி வந்தது? ஸ்பேஸ் பாரை முப்பது தடவை தட்டி வந்தது. தலைப்பு என்ற ஸ்டைல் போடாதவரை மென்பொருளுக்கு அது கொஞ்சம் பருமனான சாதாரணப் பத்தி, பொருளடக்கத்தில் சேர்க்காது. அழகுக்காகத் தலைப்பை இரண்டு பத்தியாக உடைத்தால் இரண்டு கதை என்று எண்ணிக்கொள்ளும். ஒரு தொகுப்பில் 'மழை' ஒரு கதை, 'பெய்யாத ஊர்' ஒரு கதை, இரண்டும் 43ஆம் பக்கம். எங்கள் வானம் பார்த்த பூமிக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஆசிரியர் ஒப்பவில்லை.

தொடக்கத்தில் சொன்ன நாலுக்கும் ஏழுக்கும் வருகிறேன். காரணம் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆனது. பொருளடக்கம் போட்ட பிறகு அந்த எழுத்தாளர் இரண்டு கதைகளை இடம் மாற்றச் சொல்லியிருந்தார். மாற்றினேன். பொருளடக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கியிருந்தால் சரியாகியிருக்கும். அமுக்கினால் நான் கையால் செய்துவைத்த அலங்காரமெல்லாம் கலைந்துபோகும். அந்தப் பயத்தில் தலைப்பையும் எண்ணையும் கையாலேயே திருத்தினேன். மேலே எழுத்து மாறியது. அடியில் ஓடும் தொடுப்பு மாறவில்லை, அது பழைய கதையைத் தேடி அதன் புது வீட்டுக்கே போனது. அச்சுப் புத்தகத்தில் தப்பே இல்லை. தொட்டுப் பார்க்கிறவருக்கு மட்டும் தப்பு. 1984இல் எண்ணின் மேல் தாளை ஒட்டினேன், இப்போது தொடுப்பின் மேல் எழுத்தை ஒட்டியிருக்கிறேன்.

சரிசெய்து அனுப்பினேன். "இப்ப எல்லாம் கரெக்டாப் போகுது அண்ணாச்சி" என்றார். "கதையெல்லாம் எப்படி வந்திருக்கு தம்பி?" என்றேன். "அதெல்லாம் நீங்கதான் படிச்சிருப்பீங்களே" என்றார். நான் படிக்கவில்லை. படிக்காமலே புத்தகம் முடிக்க முடிகிறது இப்போது. பாக்கிப் பணம் ஜிபேயில் வந்துவிட்டது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைப்பை நடுவுக்குத் தள்ள ஸ்பேஸ் பாரைத் தட்டாதீர்கள். ஓரத்திலேயே விடுங்கள், தள்ளிக்கொள்ள நாங்கள் இருக்கிறோம். கதைகளின் வரிசையைப் பொருளடக்கம் போடுவதற்கு முன்னால் முடிவு செய்யுங்கள்.

அந்த 1984 தொகுப்பில் ஒரு படி என்னிடம் இருக்கிறது. இதை எழுதுவதற்காகப் பரணிலிருந்து இறக்கினேன். துத்தம் போடாத பசை. பூச்சி நுட்பமாக வேலை செய்திருக்கிறது. கதைகளைத் தொடவில்லை. நான் ஒட்டிய 61ஐ மட்டும் தின்றுவிட்டது. கீழே 16 அப்படியே இருக்கிறது.